கடைமடையில் ஆலை போட்டவர்

மைதீன் பாய் வங்கி வேலை நேரத்தில் யாருக்கும் போன் செய்ய மாட்டார். அன்று செய்தார். “அண்ணாச்சி, நம்ம பிரம்மசக்தி போயிட்டா” என்றார். காலையில் தலைவலி என்று படுத்தவர். மூளையில் ரத்தக் கசிவாம், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் என்னோடு சண்டை போட்டு, மீதியை நாளைக்குப் பேசிக்கிடலாம் என்று சொல்லித்தான் போனை வைத்திருந்தார்.

‘கடைமடை’ என்ற எங்கள் மாட் (mod) நிரலைப் பயன்படுத்துகிற உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும், ஆளைத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். பிறந்தது கொற்கைப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு மிச்சமிருந்தால் வந்து சேரும் கடைமடை வயல்கள் அவர்கள் வீட்டு வயல்கள்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு கணினி விளையாட்டு. வெற்று நிலத்தில் சுரங்கம் தோண்டி, பெல்ட் ஓட்டி, பலர் சேர்ந்து ஆலைகள் கட்ட வேண்டும். சுரங்கத்துக் கரி ஒரே பெல்ட்டில் ஓடும்; அது எரிந்தால்தான் ஆலைக்கு மின்சாரம். வழியில் இருக்கும் ஆலைகள் வயிறு முட்ட எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடும். மாட் என்பது அந்த விளையாட்டின் விதிகளை நாமே மாற்றிச் சேர்க்கும் நிரல். எல்லா ஆலைக்கும் சம அளவு கரி என்று நான் ஒரு மாட் எழுதி, கொஞ்சம் பெருமையாகவே வெளியிட்டேன். அதன் கீழே பிரம்மசக்தி எழுதினார்: “அண்ணாச்சி, உங்க கணக்கு சரிதான். கரிதான் வரல.”

அப்படித்தான் அறிமுகம். மைதீன் பாயும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஒரே உலகில் விளையாடி மாட்டைத் திருத்த ஆரம்பித்தோம். ஆலைக்கு இடம் பிரித்தபோது பெல்ட்டின் கடைசி முனையை அவர் கேட்டு வாங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. “தியாகி வேஷமா?” என்று கேட்டேவிட்டேன். “தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய்க்கா தலைமாட்டுல நின்னு பாத்தா எல்லாருக்கும் தண்ணி இருக்கும் அண்ணாச்சி. எங்கன நிக்குதுன்னு கடைசில இருந்து பாத்தாத்தான் தெரியும்” என்றார். அவருடைய ஆலை பாதி நாள் இருட்டாகத்தான் கிடந்தது. மைதீன் பாய் கேலி செய்வார்: “என்ன பிள்ள, இன்னைக்கும் உங்க வீட்டுல கரண்ட் இல்லையா?”

அவருக்கும் சறுக்கியது உண்டு. ஒருநாள் எங்களைக் கேட்காமல், கடைசி ஆலை நிறைந்த பிறகே மற்றவர்களுக்கு என்று விதியைத் தலைகீழாக மாற்றிவிட்டார். அவர் ஆலை ஜெகஜோதியாக எரிந்தது. கொஞ்ச நேரம்தான். சுரங்கத்தைத் தோண்டும் இயந்திரத்துக்கும் கரி வேண்டும். அது பெல்ட்டின் தலைமாட்டில் இருந்தது. அதற்குக் கரி கிடைக்காமல் சுரங்கமே நின்றது. “இப்போ ஆத்துலயே தண்ணி இல்ல” என்றார் மைதீன் பாய். பிரம்மசக்தி போனில் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க ஊரு ஆசைய உள்ள விட்டுட்டேன் பாய், பொறுத்துக்கிடுங்க.”

அதன் பிறகு பெரிய ஆலைக்குக் கூடுதல் பங்கு கேட்டு மைதீன் பாய் பிடிவாதம் பிடித்தார். “பாடுபட்டவனுக்குக் கூட வேணும்லா?” “கூடக் குடுங்க, யாரு வேண்டாம்னா? கடைசி ஆளு அடுப்பு அணையாமக் குடுங்க” என்றார் பிரம்மசக்தி. நீங்கள் இன்று பயன்படுத்தும் விதி அந்தச் சண்டையில் பிறந்ததுதான்: முதலில் சுரங்கம், பிறகு யாருடைய அடுப்பும் அணையாத அளவு, மிச்சம் வேலைக்குத் தக்கபடி.

அவர் போன சில வாரங்களில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. மாட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. நானும் மைதீன் பாயும் எழுதினோம், அவரவர் ஆலையில் ஓட்டிப் பார்த்தோம். குறையே தெரியவில்லை. வெளியிட்ட மறுநாள், முன்பின் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “கடைசியில் இருக்கிறேன். கரி வரவில்லை.”

அதைப் படித்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் நாலு பேர் பார்க்க, அடக்க முடியாமல் அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு எல்லாருக்கும் கரி இருக்கிறது என்று எழுதிவிட்டோம். கடைசியில் நின்று சொல்ல ஆள் இல்லை.

மைதீன் பாய்க்குப் போன் செய்தேன். “என் ஆலையப் பிரிச்சுட்டேன் பாய்” என்றேன். “எங்கன போடப் போறீய?” என்று கேட்டார். சொன்னேன். “பாத்துப் பைய போடுங்க. அவ போட்டது எதையும் இடிச்சிராதீய” என்றார்.

பிரம்மசக்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். அவர் ஆலைக்குப் பக்கத்தில் என் ஆலை நிற்கிறது. இரண்டும் இருட்டாகத்தான் இருக்கின்றன. கரி எங்கே நிற்கிறது என்று இங்கிருந்து தெரிகிறது.