ஈரச்சாக்கும் மூன்றாவது வயரும்

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அடுத்தவனின் சைக்கிள் மணி என்னுடையதைவிடக் கொஞ்சம் இனிமையாக அடித்தாலே போதும், இரண்டு நாள் முகம் கறுத்துக் கிடக்கும். ஆனால் ஒருவனுடைய தோல் பையைப் பார்த்துச் சோறு இறங்காமல் போனது ஒரே ஒரு தடவைதான்.

அறுபதுகளின் தொடக்கம். முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்த முஸ்லிம் முதலாளி ஒருவரின் ஐஸ் அறையில் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டியவருக்குப் பின்னால் வயர் சுருட்டித் திரிந்து கற்ற வித்தை. அந்தக் கரையில் வேறு எவருக்கும் கரண்ட் வேலை தெரியாது. ஆகவே நான் மேதை.

முதலாளி திருகோணமலைக்குப் போய் ஒரு பழைய லோஞ்ச் படகு வாங்கி வந்தார். வெள்ளைக்காரர் உல்லாசமாக ஓட்டிக் கைவிட்டுப்போனது. உள்ளே விளக்குகள், காற்றாடி, அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு மின்சாரப் பம்ப். பக்கவாட்டில் பித்தளை வாய் ஒன்று. படகு கரையில் நிற்கும்போது வயர் இழுத்து அந்த வாயில் செருகினால் எல்லாம் உயிர்பெறும். ஐஸ் அறையிலிருந்து வயர் இழுத்துப் பிளக் பூட்டியவன் நான். விளக்கு எரிந்ததும் முதலாளி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு வாரம் அந்த முதுகைக் காட்டிக்கொண்டே ஊரில் நடந்தேன்.

மூன்றாவது வாரம், படகு ஓட்டும் தண்டையல் மூச்சிரைக்க வந்தார்.

“தம்பி, படகு கடிக்குது.”

“என்னண்டு அண்ணை படகு கடிக்கும்?”

“படகின்ரை கைபிடிக் கம்பியிலை கை வைச்சுப் பாரும். முழங்கை வரைக்கும் கரண்ட் கடிக்குது. விளக்கும் சாகப்போற மாதிரிக் கிடக்கு. பம்ப் முனகுதே தவிர இறைக்குதில்லை.”

அந்தக் காலத்தில் என் பரிசோதனைக் கருவி என் புறங்கைதான். போய் வைத்தேன். கடித்தது. “ஓம், கடிக்குது” என்று தீர்ப்புச் சொன்னேன். பிறகு வெள்ளைக்காரனில் பழியைப் போட்டேன். “அவன்ரை வயர் உள்ளுக்கை உக்கிப்போச்சு.” மூன்று நாள் படகின் கூரைப் பலகைகளைக் கழற்றினேன். பல்புகளை மாற்றினேன். தண்டையலும் ஆட்களும் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாம் நாள் முதலாளி சொன்னார்: “தம்பி, முள்ளியவளையிலை ஒரு பொடியன் இருக்கிறானாம். திருகோணமலைத் துறைமுகத்திலை வேலை செய்தவன். வரச்சொல்லியிருக்கிறன். ஆர் பிழையைக் கண்டுபிடிக்கிறானோ, அவன்தான் இனி லோஞ்சையும் ஐஸ் அறையையும் பாக்கிறது.”

அவன் சைக்கிளில் வந்தான். இஸ்திரி போட்ட சேட்டு, காலில் ரப்பர் சப்பாத்து, தோளில் அந்தத் தோல் பை. திறந்தால் உள்ளே ஒரு மீற்றர், கண்ணாடிக்குப் பின்னால் முள். என் புறங்கை திடீரென்று மிகவும் ஏழையாகத் தெரிந்தது.

“அண்ணை, நீங்கள் செய்த வேலையைக் கேள்விப்பட்டனான். தனிய இவ்வளவு தூரம் வயர் இழுக்கிறதெண்டால் லேசே?”

மரியாதையும் தெரிந்தவன். இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியுமா? என் மனைவி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து, அவன் சொன்ன ‘நன்றி அக்கா’வில் உருகிப்போய், “இஞ்சேருங்கோ, அந்தத் தம்பியின்ரை கதை பேச்சே ஒரு தனி” என்றாள். தேத்தண்ணியோடு கடிக்க வந்த பனங்கட்டியில் சின்னத் துண்டாகப் பார்த்து அவனுக்குக் கொடுத்தேன். பழிவாங்கலில் என் கைக்கெட்டியது அவ்வளவுதான்.

அவன் படகில் ஏறவே இல்லை. “கரையிலை இருந்து தொடங்குவம் அண்ணை.” ஜெனரேற்றரில் மீற்றரை வைத்தான். படகில் விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் முள் அசையவில்லை. பிறகுதான் படகுக்குள் போய் வைத்தான். விளக்கைப் போட்டதும் முள் கீழே இறங்கியது. “அப்ப, பிழை இடையிலை” என்றான். மூன்று நாள் கூரை கழற்றியவனுக்கு அந்த ஐந்து நிமிடம் எப்படியிருந்திருக்கும்!

வயரோடு நடந்து படகின் பித்தளை வாயடிக்கு வந்தான். அங்கே பிளக்கைச் சுற்றி ஒரு ஈரச்சாக்கு. மெல்லிய ஆவி பறந்தது.

“இது ஆர் சுத்தினது?”

தண்டையல் பெருமையோடு சொன்னார்: “நான்தான். பிளக் சுட்டுது. பிடிச்ச மீனுக்கு வெயில் படாமல் ஈரச்சாக்குப் போடுறனாங்கள்தானே. காலையும் மாலையும் ரெண்டு வாளி கடல்தண்ணியும் ஊத்துறன்.”

நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: “அண்ணை, உப்புத்தண்ணியிலை விளக்கெரியுறதெண்டால் அது வற்றாப்பளைக் கோயிலிலை. அங்கை அம்மாள் நிண்டு எரிக்கிறா. இஞ்சை நாங்கள் மட்டும்தானே நிக்கிறம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கரண்ட் வேலையை அவன் எடுத்துக்கொள்ளட்டும். பகிடி விடுவது அந்தக் கரையில் என் தனியுரிமை.

ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றினான். உள்ளே பச்சையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு அடியில் ஒரு ஸ்குறூ தளர்ந்து ஆடியது, வயர் கருகியிருந்தது. மூன்றாவது கம்பிக்கு வயரே இல்லை. பிளக்கில் மூன்று கம்பி, ஐஸ் அறையில் கிடந்த வயரிலோ இரண்டு. மூன்றாவது வெள்ளைக்காரன் அழகுக்கு வைத்தது என்று நான் முடிவு செய்திருந்தேன். படகு கடித்தால் அந்தக் கடியை மண்ணுக்குக் கொண்டுபோவது அதுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஸ்குறூ தளர்ந்ததால் சூடு, சூட்டால் சாக்கு, சாக்கால் கடி. எல்லாவற்றுக்கும் முதல் காரணம் நான்.

“என்னவாம்?” என்று முதலாளி கேட்டார்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். “உப்புத்தண்ணி முதலாளி. ஆர் பூட்டியிருந்தாலும் இதுதான் நடக்கும்.”

வயிறு பற்றி எரிந்தது. மீற்றர் அவனுடையது, சப்பாத்து அவனுடையது, பகிடி அவனுடையது. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கா? அதையாவது விடக்கூடாது என்று பாய்ந்து விழுந்தேன்.

“பொய் முதலாளி! ஸ்குறூவை இறுக்காமல் விட்டது நான். மூண்டாவது வயரைப் பூட்டாமல் விட்டதும் நான்தான்!”

முதலாளி தாடியைத் தடவினார்.

“லோஞ்சைத் தம்பி பாக்கட்டும்” என்றார் அவனைக் காட்டி. பிறகு என் பக்கம் திரும்பினார். “பிழையை ஒளிக்காதவன்ரை கையிலைதான் ஜெனரேற்றர் இருக்கவேணும். ஐஸ் அறை உன்னோடையே கிடக்கட்டும்.”

அன்று பின்னேரம் அவன் மூன்றாவது வயரைப் பூட்ட, நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்குறூவை இறுக்கிவிட்டு அவன் மணிக்கட்டைத் திருப்பிய அழகைப் பார்த்து இன்னொரு தரம் எரிந்தேன். ஊரிலோ எனக்கு நேர்மையான மனுஷன் என்று பெயர். மனைவி அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்த நேர்மை எந்த அடுப்பில் வெந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லப் போகவில்லை.