ரோபோ டீமுக்காக நான் போட்ட இரண்டு கையெழுத்து

இயற்பியல் ஆசிரியையிடம் ரோபோ டீமையும் ஒப்படைத்தால் அதற்குப் பெயர் கூடுதல் பொறுப்பு. ஏதாவது கோளாறு நடந்தால் மட்டும் அது முழுப் பொறுப்பு. சாரணர் இயக்கம், ஆண்டு விழா, பசுமைப் படை என்று எதையாவது தலையில் கட்டிக்கொண்டு திரியும் சக ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெருமாநல்லூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் செய்த ரோபோ தேசியப் போட்டியில் ஜெயித்து, கோலாலம்பூரில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானது. எங்கள் பள்ளிக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் போட்டி. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எத்தனை பீஸ்?

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில் யாரிடம் எந்த நல்ல காரியத்துக்கு உதவி கேட்டாலும் முதலில் பனியன்தான் வரும். ரத்த தானமா, பனியன். மரம் நடுவதா, பனியன். எங்களுக்கு வேண்டியது நான்கு மோட்டார், உபரியாக ஒரு பேட்டரி, விமான டிக்கெட். இதைத் தெளிவாகத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஏழு கம்பெனி ஏறி இறங்கினேன். ஏழு இடத்திலும் நல்ல காபி கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பாராட்டினார்கள், பனியன் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எங்கள் அறையில் ரோபோ படம் அச்சடித்த பனியன் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ரோபோவுக்குத்தான் ஓடுகிற மோட்டார் இரண்டுக்கு மேல் இல்லை. அந்த மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டாவது முதலாளி நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். மோட்டார், டிக்கெட் எல்லாம் தன் பொறுப்பு என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோது அவர் சொன்னார்:

“அதெல்லாம் பாத்துக்கலாமுங்க மிஸ். நம்ம பையன் ரிஷி உங்க ஸ்கூல்லதான் பிளஸ் ஒன் படிக்கறான். அவனையும் கொஞ்சம் பாத்துக்குங்க. அப்பறம், பனியன் எத்தனை பீஸுன்னு சொல்லவே இல்லீங்களே?”

உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில்

டீம் வேலை செய்ய எங்களுக்கு ஒதுக்கிய இடம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறை. ஜெரோம் புரோகிராம் எழுதுவான். கோகுல் வயரிங் பார்ப்பான். மேகலா உருவம் வரைந்து, அலுமினியம் அறுத்து, முடுக்கி, எல்லாம் முடிந்தபின் ஓட்டவும் செய்வாள். ஓட்டுவது என்றால், ஆட்டம் நடக்கும் இரண்டு நிமிடமும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரோபோவைப் பந்து பொறுக்கவைத்துக் கூடையில் போடவைப்பது. அந்த ஆளுக்கு டிரைவர் என்று பெயர். மேகலா எட்டு மாதம் பழகியிருந்தாள். கோலாலம்பூரில் தான் டிரைவராக நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

பள்ளி விட்டபின் தினமும் ஒன்றரை மணி நேரம் நாங்கள் அங்கே மல்லுக்கட்டுவோம். ஒருநாள் கணக்கு ஆசிரியர் வாசலில் நின்று பார்த்தார். பத்து பந்தில் ஒன்பது கூடையில் விழுந்ததை அவரும் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று திரும்பினேன்.

“ஏனுங்க டீச்சர், இது பப்ளிக் எக்ஸாம்ல எத்தனை மார்க்குக்கு வருதுங்க?”

பாஸ்போர்ட்

மேகலாவின் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியில் அளவும் தையலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. பெண் பிள்ளையை வெளிநாடு அனுப்ப அவர்கள் தயங்குவார்கள் என்று எங்கள் பள்ளியில் ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள். அலுவலகத்தில் எனக்கு அறிவுரை வேறு: “எதுக்குங்க மேடம் வம்பு, பசங்களை மட்டும் கூட்டிட்டுப் போங்க.” யாரும் அந்தக் குடும்பத்தைக் கேட்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

நான் கேட்கப் போனேன். தயாராக ஒரு பிரசங்கமே வைத்திருந்தேன். மேகலாவின் அப்பா அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார். இரண்டு நாள் லீவு போட்டு அலைந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதற்கு வந்தேன் என்பதைப் புரிந்துகொண்டு சொன்னார்:

“அவிங்கம்மா செக் பண்ணுன பீஸெல்லாம் கப்பலேறிப் போகுதுங்க மிஸ். புள்ளை போகப்படாதுன்னு யாருங்க சொன்னது?”

முதல் கையெழுத்து

டிக்கெட் போடுவதற்கு முந்தின வாரம் தாளாளர் அறைக்கு அழைத்தார். மேசையில் அணிப் படிவம் நிரப்பித் தயாராக இருந்தது. நான்கு பெயர் எழுத இடம். ஜெரோம், கோகுல், மேகலா மூவரும் ‘உறுப்பினர்’. ‘டிரைவர்’ என்ற கட்டத்தில் ரிஷி. டிக்கெட் தருகிற முதலாளியின் மகன் ரிஷி. அதுவரை எங்கள் அறைக்குள் இரண்டு தடவை வந்திருக்கிறான், அதில் ஒரு தடவை டஸ்டர் கேட்டு.

என் காது சூடாகிவிட்டது. ஓட்டத் தெரியாதவனை டிரைவர் என்று எழுதினால் எப்படி ஓட்டுவான் என்று கேட்டேன். மூன்று வாரம் இருக்கிறதே, பழகிக்கொள்வான் என்றார். எட்டு மாதம் பழகியவள் இருக்கிறாளே என்றேன். டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்றார். கீழே பயிற்சியாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். திட்டியது எனக்கு மட்டும்தான் கேட்டது, கையெழுத்து எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் மேகலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரிமோட்டைத் துணியால் துடைத்து ரிஷியிடம் கொடுத்தாள். அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று தாளாளர் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது இது:

“யாரு ஓட்டறாங்கன்னு அங்க யாருங்க மேடம் பாக்கப்போறாங்க? போட்டோல யாரு நிக்கறாங்கங்கறதுதான் முக்கியம்.”

அரை இன்ச்

கோலாலம்பூர் போட்டி அரங்கில் முதல் சோதனை அளவு. ரோபோ நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகாரி ஒருவர் அந்த அளவில் செய்த ஒரு பெட்டியை ரோபோவின் மேல் கவிழ்ப்பார். அடங்கினால் சரி. எங்கள் ரோபோவின் மேல் கவிழ்த்தார். பாதியில் நின்றுவிட்டது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்படியும் நின்றது. தேசியப் போட்டிக்குப் பிறகு மேகலா இரண்டு பக்கமும் புது அலுமினியச் சட்டம் வைத்திருந்தாள். அளவெடுத்துக் கொடுத்தது அவளுடைய அம்மா, கம்பெனி டேப்பால்.

எங்கே பிசகியது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் என்று ஒன்று போட்டிருப்பார்கள். கூடக் குறைய அரை இன்ச் இருந்தால் பாஸ். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தாறும் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இயற்பியல் படித்த நானும் தலையாட்டியிருக்கிறேன். என் பிடரியில் நானே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சட்டத்தை அறுப்பதைத் தவிர வழியில்லை. எங்களிடம் ரம்பம் இல்லை, பனியன்தான் இருந்தது. ரிஷி எழுந்து போய்ப் பக்கத்து அணிகளிடம் பேசி எங்கிருந்தோ ஒரு ரம்பம் வாங்கி வந்தான். சட்டத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டதும் அவன்தான். அந்தப் பையன்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மேகலா அறுத்து முடித்து, அரத்தால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“பனியன்னா ஒரு இழுப்பு இழுத்து வுட்டாச் சரியாப் போயிருமுங்க. இது அலுமினியமுங்களே மிஸ்.”

இரண்டாவது கையெழுத்து

மொத்தம் ஏழு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ரிஷி ரோபோவை நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டி நிறுத்தினான். இரண்டாவதில் எங்கள் பந்துகளை அள்ளி எதிரணிக் கூடையில் போட்டான். எதிரணிக்காரர்கள் கை தட்டினார்கள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சைக்கிளே பழகாத பிள்ளையைப் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டவர்கள் நாங்கள். மேகலா பின்னால் நின்று, தன் விரல்களைத் தானே அழுத்திக்கொண்டிருந்தாள்.

ரிஷி என்னிடம் வந்தான். “மிஸ், எனக்கு ஓட்ட வரலை. மேகலாவையே ஓட்டச் சொல்லுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்” என்று கழுத்தில் கிடந்த டிரைவர் அட்டையைக் கழற்றினான். பெரியவர்கள் யாருக்கும் வராத புத்தி அவனுக்கு வந்தது. நான் பதிவு மேசைக்கு ஓடினேன். பள்ளியிலிருந்து கடிதம் கேட்பார்கள், தாளாளர் கையெழுத்துக் கேட்பார்கள், அபராதம் போடுவார்கள் என்று ஆயிரம் யோசனை. மேசையில் இருந்த பெண் மலேசியத் தமிழர். நான் ஊரிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஒரு சின்னத் தாளை எடுத்து முன்னால் தள்ளினார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் மூன்று வாரமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

“பயிற்சியாளர் நீங்கதானே? டிரைவர் யாருன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். எப்ப வேணும்னாலும் மாத்தலாம். இதுக்கு ஏன் மத்தவங்களைக் கேக்கணும்?”

மீதி ஐந்து ஆட்டம்

மேகலா ஓட்டினாள். ஐந்தில் நான்கு ஜெயித்தோம். கடைசி ஆட்டத்தில் அவள் போட்ட பந்து ஒவ்வொன்றையும் நான் உரக்க எண்ணி, தொண்டை கட்டிவிட்டது. பட்டியல் வந்தபோது, இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு இடம் கீழே எங்கள் பெயர். இன்னும் ஒரு வெற்றி இருந்திருந்தால் உள்ளே போயிருப்போம். ஜெரோமும் கோகுலும் பரவாயில்லை மிஸ் என்றார்கள். நானும் பரவாயில்லை, முதல் தடவைதானே என்றேன். மேகலா ஸ்குரூகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

“அந்த ரெண்டு மேட்சையும் எனக்கே குடுத்திருக்கலாமுங்க மிஸ்.”

பாராட்டு விழா

ஊர் திரும்பிய மறு வாரம் விழா. பள்ளி வாசலில் இருபது அடிக்கு ஃபிளெக்ஸ். நடுவில் தாளாளர், பக்கத்தில் முதலாளி, முன்னால் ரிமோட்டோடு ரிஷி. சுவரில் முட்டிய முதல் ஆட்டத்தில் எடுத்த படம் அது. மற்ற மூவரும் ஓரத்தில், ஸ்டாம்பு அளவில். மேகலாவின் முகத்தின்மேல் ஃபிளெக்ஸ் அடித்த பிரஸ்காரரின் போன் நம்பர் வேறு. ரிஷிதான் முதலில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு ஒதுக்கியது நன்றியுரை, இரண்டு நிமிடம். மைக்கைப் பிடித்து, ஜெயித்த நான்கு ஆட்டமும் ஓட்டியது மேகலா என்றேன். தோற்ற முதல் இரண்டு ஆட்டத்துக்கும் காரணம் ரிஷி இல்லை, தெரிந்தே தப்பாகக் கையெழுத்துப் போட்ட நான் என்றேன். போடச் சொன்னது யார் என்றும் சொன்னேன். முதலாளி போனை எடுத்துப் பார்த்தார். தாளாளர் சிரித்த முகத்தை மாற்ற மறந்து அப்படியே இருந்தார். பிள்ளைகள் பக்கம் கைதட்டல் அடங்க நேரமானது.

விழா முடிந்து வெளியே வந்தேன். மேகலாவின் அம்மா கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தார். ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்று, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், நிதானமாகப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்:

“சரக்கு நல்ல சரக்குங்க மிஸ். லேபிளைத்தான் மாத்தித் தெச்சுப்போட்டாங்க. எங்க கம்பெனியில இதைப் பிரிச்சு, சரியாத் தெக்காம வெளிய வுட மாட்டோமுங்க.”

இந்த வருடம் ரோபோ டீமுக்கு வேறு பொறுப்பாசிரியரைப் போட்டுவிட்டார்கள். டிரைவர் பெயரை எழுத வேண்டியது யார் என்பதை மட்டும் அவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.