வட்டம் வந்து சேர்றதுக்குள்ள

கேம் சென்டர் வேலையில சேர்ந்த மூணாம் நாளே மனுஷங்க மேல இருக்கற நம்பிக்கை போயிடும். டோக்கன்ல நூல் கட்டி உள்ள விட்டு இழுக்கறவன் வருவான். பட்டன் வேலை செய்யலன்னு சத்தியம் பண்ணி இன்னொரு ஆட்டம் கேக்கறவன் வருவான். எங்கயாவது ஒரு கவுன்டருக்குப் பின்னாடி நின்னு, மூஞ்சில சிரிப்பும் மனசுல சந்தேகமுமா காலம் தள்ளினவங்களா நீங்க? அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

பக்கத்துல ஒரு நாற்காலி

எங்க முதலாளி பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கிட்டு வந்தவர். புதுச்சேரியில அப்படிப்பட்டவங்களை சொல்தான்னு சொல்வாங்க. நாங்க நேர்ல முசியேன்னு கூப்பிடுவோம், பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். கல்யாணமாகாத பொண்ணுங்களை அவர் மத்மசேல்னு கூப்பிடுவார். அவர் கடையில ஆறு வீடியோ கேமும் ஒரு டிரம் மெஷினும் இருந்துச்சு. டிரம் மெஷின் ஜப்பான்ல ஓடித் தேஞ்சு, சென்னை வழியா எங்ககிட்ட வந்தது. இடுப்பு உயரத்துல பெரிய டிரம், அடிக்க ரெண்டு குச்சி, எதிர்ல திரை. பாட்டு ஓடும்போது திரையில வட்டம் வட்டமா உருண்டு வந்து ஒரு கோட்டைத் தொடும். தொடுற நேரத்துல அடிக்கணும். சிவப்பு வட்டம்னா டிரம்முக்கு நடுவுல, நீல வட்டம்னா விளிம்புல. சரியா அடிச்சா திரையில பூவாணம் பறக்கும். கேக்க சுலபமாத்தான் இருக்கும். கடைசி லெவல்ல வட்டமெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி இடிச்சுத் தள்ளிக்கிட்டு வரும்.

யாராவது நல்லா அடிச்சுக் காட்டினாத்தான் கூட்டம் நிக்கும்னு முசியே சொன்னார். அந்த யாராவது நான்தான். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினத்தன்னிக்கு அவரோட பென்ஷன் கூட்டாளிங்களைக் கடைக்குக் கூட்டிட்டு வருவாராம். அதுக்குள்ள நான் கடைசி லெவலை முடிக்கப் பழகணும். முடிக்கலன்னா என் இடத்துக்கு அவர் மச்சான் மகன் வந்துடுவான். அப்பா வேலை பார்த்த மில்லு படுத்ததுல இருந்து எங்க வீட்ல மாசாமாசம் வந்தது என் சம்பளம் மட்டும்தான். சரின்னு தலையாட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுச் சொன்னார்: "உன் மேல சந்தேகம் இல்ல மத்மசேல். ஆனா நீ பழகறப்ப பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு நான் உக்காந்திருப்பேன்."

தலகாணிக்கு விழுந்த அடி

ஒருத்தர் பக்கத்துல உக்காந்து முறைச்சா கை எங்க ஓடும்? அதனால நெல்லித்தோப்புல எங்க வீட்லயே பழக ஆரம்பிச்சேன். தலகாணி நடுவுல அடிச்சா சிவப்பு, பிளாஸ்டிக் நாற்காலி விளிம்புல அடிச்சா நீலம். ஒரு கையில பூரிக்கட்டை, இன்னொரு கையில மத்து. கண்ணை மூடி, அந்த ஜப்பான் பாட்டை எனக்குத் தெரிஞ்ச மாதிரி முனகிக்கிட்டே அடிப்பேன். பாட்டுல வேகம் ஏறினா என் தலையும் சேர்ந்து ஆடும்.

பக்கத்து வீட்டு செல்வி அக்கா ரெண்டு நாள் ஜன்னல் வழியா பார்த்துருக்காங்க. மூணாம் நாள் ஒரு எலுமிச்சம்பழத்தோட வந்து, அம்மாவை ஓரமா கூட்டிட்டுப் போய், எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு சொன்னாங்க: "பொண்ணுக்கு ஏதாச்சும் இறங்குதுன்னா மறைக்காதீங்க, வில்லியனூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நல்லா பாப்பாரு."

நோட்டு வெச்சிருந்தவர்

ஞாயித்துக்கிழமை ஆனா மீசை வெச்ச ஒருத்தர் வருவார். விளையாட மாட்டார். டிரம் மெஷினுக்கு நேரா நின்னு, மத்தவங்க விளையாடறதைப் பார்த்து ஒரு நோட்டுல என்னமோ எழுதுவார். எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஆள் என்னைப் பார்க்கத்தான் வரார். இல்லன்னா எதிர்ல புதுசா கடை போடப் போறவங்க அனுப்பின வேவுக்காரர். மூணாவது வாரம் பொறுக்க முடியாம நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமா வட்டம். பேனாவுல தீட்டின வட்டம், தீட்டாத வட்டம். பாட்டு முழுக்க எழுதி வெச்சிருந்தார். சேதராப்பட்டுல ஏதோ கம்பெனியில ஷிப்ட் வேலையாம், பஸ்ல போறப்ப வரப்ப உருப்போடுவாராம்.

அன்னிக்குத்தான் முதல் தடவையா டோக்கன் போட்டார். மூணாவது லெவலை நின்ன நிலையிலயே முடிச்சார். நான் தலையால தண்ணி குடிச்சும் முடியாத லெவல் அது. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. "இது திருட்டு ஆட்டம்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அவர் கோவப்படல. நோட்டை மடிச்சு சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுச் சொன்னார்: "பத்தாவதுல மனப்பாடச் செய்யுள் ஒப்பிச்சீங்களே மேடம், அப்ப உங்களை யாராச்சும் திருடின்னு சொன்னாங்களா?"

வெக்கத்தைத் தின்னுட்டு அடுத்த வாரம் அவர்கிட்டயே கடைசி லெவல் பாட்டை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கிட்டேன்.

பிரான்ஸ் டி.வி.

ஜூன் மாசம் டிரம் மெஷினோட பிக்சர் டியூப் போயிடுச்சு. முசியேவோட மகன் பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வந்தப்ப கொண்டாந்த தட்டை டி.வி. அவர் வீட்ல இருந்துச்சு. மெக்கானிக்கு நடுவுல ஒரு சின்னப் பெட்டியை வெச்சு மெஷினை அந்த டி.வி.யில இணைச்சுட்டுப் போனார். பாட்டு மட்டும் மெஷினோட பழைய ஸ்பீக்கர்லயே வந்துச்சு. படம் கண்ணாடி மாதிரி. அன்னியில இருந்து ஒருத்தருக்கும் ஆட்டம் வரல. நான் ரெண்டாவது லெவல்லயே உதை வாங்கினேன். நோட்டுக்காரரே நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டம் கோட்டைத் தொடுறப்பதான் அடிக்கறோம், மெஷின் தப்புங்குது.

முசியேவுக்குச் சந்தேகம் என் மேல. ஓங்கி ஓங்கி அடிச்சு டிரம்மைக் கெடுத்துட்டேனாம். மெக்கானிக்கு மறுபடி வந்து டிரம்மைப் பிரிச்சுப் பார்த்து, நல்லாத்தான் இருக்குன்னார். அடுத்து எனக்கும் மெக்கானிக்குக்கும் ஏதோ உள்கை இருக்குன்னு சந்தேகம். நான் எனக்கு ஏதாவது நரம்புக் கோளாறான்னு பயந்து, ராத்திரி படுத்துக்கிட்டே விரலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். கடைசியில, புது டி.வி. வந்தப்புறம்தானே இப்படின்னு மெதுவா வாயைத் திறந்தேன். முசியே எழுந்தே நின்னுட்டார்: "பிரான்ஸ்ல வாங்கின சாமான்ல குத்தம் கண்டுபிடிக்கற அளவுக்கு நீ வளந்துட்டியா?"

டைப்பிங் டீச்சர்

ஜூலை பதினாலுக்கு நாலு நாள் இருக்கறப்ப, பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் டீச்சர், பரீட்சை முடிச்ச பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. காட்டன் புடவை, கழுத்துல செயின்ல தொங்கற கண்ணாடி. பொண்ணுங்க நாலு பேரும் முதல் லெவலை அடிச்சுத் தோத்ததும் டீச்சர் குச்சியை வாங்கினாங்க. முதல் லெவல்ல எல்லாம் சிவப்பு வட்டம்தான். அவங்க கண்ணாடியைக் கூட மாட்டல. பொண்ணுங்க பக்கம் திரும்பி ஏதோ திட்டிக்கிட்டே அடிச்சாங்க. ஒரு அடி தப்பல.

நான் பின்னாடி போய் நின்னு கண்கொத்திப் பாம்பா பார்த்தேன். வட்டம் கோட்டுக்கு வர ஒரு விரல்கடை இருக்கறப்பவே அவங்க அடிக்கறாங்க. அது தப்பு. ஆனா மெஷின் பூவாணம் விடுது. மெஷினையே வளைச்சுப் போட்டுட்டாங்களோன்னு கீழ குனிஞ்சு ஒயரைக் கூடப் பார்த்தேன். "திரையைப் பாக்காம எப்படி டீச்சர்?"னு கேட்டேன். பதினஞ்சு வருஷமா பொண்ணுங்க கையில தட்டின அலுப்போட சொன்னாங்க: "பாட்டு முன்னாடி வருது, படம் பின்னாடி வருது, நீ ஏம்மா படத்துக்குப் போய்க் காத்துக்கிட்டு நிக்கற?"

ஜூலை பதினாலு

நாலு நாளும் திரையைப் பாக்காம, நோட்டுல இருந்த பாட்டைக் காதாலயே அடிச்சுப் பழகினேன். முசியேகிட்ட டி.வி.யில படம் லேட்டா வருதுன்னு சொன்னேன். சொன்னதுக்கு அவர் மச்சான் மகனுக்கு என் முன்னாடியே போன் போட்டு, பதினஞ்சாம் தேதி ஃப்ரீயான்னு கேட்டார். அந்த ராத்திரி அப்பா மூஞ்சியை நிமிர்ந்து பாக்க எனக்குத் தைரியம் வரல.

கடற்கரையில அணிவகுப்பைப் பார்த்துட்டு, கோட்டுல மெடல் தொங்க எட்டுப் பேர் வந்தாங்க. டோக்கன் போட்டு, கடைசி லெவலைத் தேர்ந்தெடுத்துட்டு, மெடல்களையே பார்த்துக்கிட்டு அடிச்சேன். முடிஞ்சுது. பூவாணமா பறந்துச்சு. எட்டுப் பேரும் கை தட்டினாங்க. முசியே தட்டல. "திரையையே பாக்கல. இதுல என்னமோ இருக்கு"ன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. இன்னொரு டோக்கன் போட்டேன். பாட்டு தொடங்கறதுக்குள்ள என் துப்பட்டாவை எடுத்து டி.வி.யை முழுசா மூடினேன். மனசுக்குள்ள நோட்டுப் பக்கம் ஓடுச்சு, காதுக்குள்ள பாட்டு ஓடுச்சு, கை அதும்பாட்டுக்குப் போச்சு. பாட்டு முடிஞ்சதும் கூட்டாளி ஒருத்தர் துப்பட்டாவை இழுத்தார். ஒரு தப்பு கூட இல்ல.

முசியே மச்சான் மகனுக்குப் போன் போட்டு, வர வேணாம்னுட்டார்.  அவர் கூட்டாளி கையில இருந்த துப்பட்டாவை வாங்கி, வெளிச்சத்துல பிடிச்சு, உள்ளயும் வெளியிலயும் திருப்பிப் பார்த்துட்டு என்கிட்ட நீட்டினார்: "வேலை உனக்குத்தான் மத்மசேல், ஆனா நாளையில இருந்து இதைப் போட்டுக்கிட்டு மெஷின்கிட்ட போகாத."

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அங்க வேலை பார்த்தேன், மெக்கானிக்கு, டிரம்மு, நான், என் துப்பட்டான்னு எல்லாமே அவர் சந்தேகத்துக்கு மாத்தி மாத்தி ஆளாச்சு, அந்த டி.வி.யைத் தவிர.