ஒரு படத்துக்கு இரண்டு பதில்

கவென்ட்ரிக்கு வந்த புதிதிலேயே, எனக்கும் என் கணவருக்கும் ஆங்கிலம் வராது என்று பக்கத்து வீட்டு மோரீன் முடிவு கட்டிவிட்டாள். அதற்குக் காரணம் எங்கள் கூடத்தில் கணப்புக்கு மேலே மாட்டியிருக்கும் படம். தேநீர் குடிக்க வந்தவள் அதைக் காட்டி இது யார் என்று என் கணவரிடம் கேட்டாள். என் அக்கா என்றார். அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது என்னிடம் அதையே கேட்டாள். என் அம்மா என்றேன். மோரீன் என் கையைத் தட்டிக்கொடுத்து, சிஸ்டர் என்றால் யார், மதர் என்றால் யார் என்று குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய? இரண்டு பதிலும் சரிதான் என்று சொல்லப் போயிருந்தால், அன்றோடு அவள் எங்கள் வீட்டுத் தேநீரை மறந்திருப்பாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் அம்மாவின் தம்பியைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேச்சு வந்த நாள் முதல் அவரை மாமா என்று கூப்பிட்டேன், தாலி ஏறிய பிறகும் மாமா என்றே கூப்பிடுகிறேன். நம் பக்கத்தில் இது உரிமை. வேறு இடத்தில் கொடுத்திருந்தால்தான் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். இங்கே அதே சங்கதியைத் தாழ்ந்த குரலில்கூடச் சொல்ல முடிவதில்லை. என்னைப் போலவே இங்கே வந்து, இதே போல வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அபிராமபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவை அண்டி எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாமா, அவள் போன பிறகும் அங்கேயே இருந்தார். கொஞ்ச நாளில் அப்பா சரோஜாவைக் கட்டிக்கொண்டு வந்தார். சைதாப்பேட்டைப் பெண். அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். அந்த வார்த்தையைத் தாண்டி அவளை நான் உள்ளே விட்டதில்லை.

தாலியோடும் பூவோடும் இறந்த பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. ஆடி வெள்ளியிலும், வீட்டில் நல்ல காரியம் நடக்கும் முன்பும் அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை யார் செய்வது? வேறு யாரும் இல்லை, சித்திதான். தனக்கு முன்னால் வாழ்ந்தவளுக்கு அவளே கிணற்றடியை மெழுகி, மஞ்சளும் வளையலும் பூவும் பரப்பி, புடவையை மடித்து வைத்துக் கும்பிடுவாள். அப்போது அவள் முகத்தில் பக்தியைவிடப் பயம்தான் அதிகம் தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் கிணற்றடியில் வளையல் சத்தம் கேட்பதாகச் சொல்வாள். அப்பா சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்கும் கேட்கும். எனக்கு அது பயமாக இருந்ததில்லை, ஏக்கமாகத்தான் இருந்தது. சித்தி வந்து பக்கத்தில் நின்றால் சத்தம் நின்றுவிடும், அதற்காகவே அவள் மேல் கோபம் வரும்.

அடையாறில் தொழில் படித்து முடித்த மாமா, யாரோ வழிகாட்ட இங்கிலாந்துக்குப் போனார். சில வருடங்கள் கழித்து விடுப்பில் வந்தபோது எங்களுக்குக் கல்யாணம். அதற்கு முன் பூவாடைக்காரிக்குப் படைத்த அரக்குப் புடவையைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கல்யாணப் புகைப்படத்தில் எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் அம்மாவின் படம் மாலையோடு இருக்கிறது. சித்தி அந்தப் புகைப்படத்தில் இல்லை. ஓரத்தில் ஆரத்தித் தட்டைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரியும். அது அவளுடையது.

மாமா திரும்பிப் போய் என்னை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அப்போதுதான் அவருடன் தங்கியிருந்த ஒருவர், அக்கா மகளைக் கட்டியது தெரிந்தால் இந்த நாட்டில் அதைக் கல்யாணமாகவே ஏற்க மாட்டார்கள், பெண்டாட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அவரைக் கலக்கிவிட்டார். விண்ணப்பத்தில் என் அம்மா பெயரைக் கேட்பார்கள், மாமாவின் உடன்பிறந்தவர் பெயரைக் கேட்பார்கள். இரண்டு இடத்திலும் ஜெயலட்சுமி என்று ஒரே பெயர் வரக் கூடாது. ஆகவே பெண்ணுக்கு அம்மா சரோஜா என்று எழுதிவிடுங்கள், எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று நான் எழுதிக்கொள்கிறேன் என்று மாமா சொல்லி அனுப்பினார்.

அப்பா சரி என்றார். கல்யாணமாகி ஒரு மாதத்தில் விட்டுப்போனவன் திரும்ப வருவானா என்று சந்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள், அவருக்கு அந்தப் பேச்சை நிறுத்தினால் போதும். எனக்கும் மாமாவிடம் போய்ச் சேர்ந்தால் போதும். சித்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பெற்ற தாயும் நேரில் வர வேண்டும் என்று விசா அலுவலகம் கூப்பிட்டது. அன்று காலை அவளே எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்து, முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

“அங்க போயி என்னிய நீ அம்மான்னுதான கூப்புடணும்?”

தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கண்ணாடி முன் நின்று தன் புடவைக் கொசுவத்தை இன்னொரு முறை சரி செய்துகொண்டாள்.

அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். மேசையில் எங்கள் கல்யாணப் புகைப்படம். அம்மா பெயரைக் கேட்டார். சரோஜா என்றேன். நாக்கில் பிசிறே இல்லை. பிறகு சித்தியைப் பார்த்து, இந்தப் பெண் எந்த மருத்துவமனையில் பிறந்தாள் என்று கேட்டார். எளிய கேள்விதான். எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். எங்களுக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சித்தி என்னைப் பார்த்தாள், புகைப்படத்தைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். மேசை விளிம்பில் வளையல் மோதிச் சத்தம் கேட்டது.

“சாமி, இந்தப் பொண்ண நான் பெக்கல,” என்றாள். “பெத்தவ பூட்டா. அந்தப் போட்டோல மாலையோட கீறா பாரு, அவதான். அவகூடப் பொறந்த தம்பிதான் இவள கட்டிகினு கீறாரு. அவ எடத்துல எம் பேரப் போட்டா, நான் ஊட்டுக்குப் போயி எப்பிடி வெளக்கு ஏத்துவேன்?”

மொழிபெயர்ப்பவர் தயங்கினார். சொல்லுங்கள் என்று சித்தியே அவரை அவசரப்படுத்தினாள். எனக்கு உலகமே இடிந்து விழுந்தது. மாமாவிடமிருந்து என்னைப் பிரிக்க என்றே இவள் வந்திருக்கிறாள் என்று அந்த நிமிடம் அவளை வெறுத்தேன். அதிகாரி ஒரு தாளில் எங்கள் உறவைக் கட்டங்களும் கோடுகளுமாகப் போட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த ஒரு பழைய கோப்பைத் திறந்தார். மாமா முதன்முதலில் இங்கிலாந்துக்குப் போனபோது கொடுத்த காகிதங்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர், பக்கத்தில் அக்காவின் கணவர் என்று மாமாவே எழுதியது. அக்காவும் அத்தானும் இல்லாமல் தன்னைப் பற்றி நாலு வரி எழுத அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அவரும் மறந்துபோனார், நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பொய்யிலேயே நின்றிருந்தால் இந்த மனுவைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன் என்றார் அதிகாரி. இந்த மணம் உங்கள் வழக்கத்தில் உள்ளதுதான் என்று நிரூபித்துக் கொடுங்கள், யோசிக்கிறோம் என்றார்.

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் என்னால் பேச முடிந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சித்தி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நானா பேசுனேன்? அவதான் எங்கழுத்தப் புட்சிப் பேச வெச்சா.”

அந்த அலுவலகத்துக்குள் அம்மா வந்திருந்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அம்மா மட்டுமா பேசினாள் என்ற கேள்வியும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அன்று காலை அவ்வளவு ஆசையாகக் கேட்ட ஒன்றைச் சித்தி தன் வாயாலேயே தள்ளிவிட்டாள். பேய்க்குப் பயந்தவள் செய்கிற காரியமா அது?

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் உறவுக்காரப் பெரியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டிக் கொடுத்தார். பதிலுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். அதுவரை மாமா தன் கடிதங்களில் சித்தியை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நானும் அவளோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில், அவரவர் நாட்டுச் சட்டத்தில் செல்லுகிற கல்யாணம் எங்களுக்கும் செல்லும் என்று பதில் வந்தது. மாமாவுடன் தங்கியிருந்த அந்தப் புத்திசாலிக்கு இது தெரியாது. நான் கிளம்பிய அன்று சித்தி வாசலோடு நின்றுகொண்டாள். அந்த அரக்குப் புடவையைப் பெட்டியில் மேலாக வைத்திருந்தாள்.

இங்கே எங்கள் உறவு ஒரு காகிதத்தில் இருக்கிறது. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மருத்துவமனையில் நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. வீட்டிலும் அம்மா எங்களை விடுவதில்லை. நான் ஏதாவது கேட்டுத் திரும்பினால் சில நேரம் மாமா திடுக்கிடுவார். அக்கா கூப்பிட்ட மாதிரி இருந்தது என்பார். எனக்கு அது பிடிக்காது. நான் உங்கள் அக்கா இல்லை என்று சண்டை போட்டதும் உண்டு.

போன சித்திரையில் தந்தி வந்தது. சித்தி போய்விட்டாள். அப்பா இருக்கிறார், ஆகவே அவளும் தாலியோடும் பூவோடும்தான் போனாள். நான் அழுதுகொண்டிருந்தபோது மோரீன் வந்து யார் என்று கேட்டாள். என் அம்மா என்றேன். அவள் குழம்பிப்போய் கணப்புக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினாள். உன் அம்மா அங்கே இருக்கிறாளே, எப்போதோ இறந்துவிட்டாள் என்றாயே என்றாள். ஆமாம் என்றேன். பாவம், இவள் ஆங்கிலம் தேறவே தேறாது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் என்னை அணைத்துக்கொண்டாள்.

ஆடி வெள்ளி வந்தது. இங்கே கிணறு ஏது? சமையலறைத் தொட்டியடியைத் துடைத்து, மேசையில் இரண்டு புடவை வைத்தேன். அம்மாவுக்கு அரக்கில், சித்திக்கு மாம்பழ மஞ்சளில். படைத்த புடவையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். புடவை இரண்டு, பெண் நான் ஒருத்தி. எதை உடுத்தப் போகிறாய் என்று மாமா கேட்டார். நான் மஞ்சளை எடுத்தேன். அவர் மற்றதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

உடுத்திக்கொண்டு வந்து விளக்கேற்றி, “அம்மா” என்றேன். மாமா கூடத்துப் பக்கம் திரும்பி, திறந்த கதவு வழியே அக்காவின் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். நான் திரும்பவில்லை. அந்த வார்த்தையை நான் அனுப்பிய திசையில் படம் எதுவும் இல்லை, சமையலறை ஜன்னலும் மழையும்தான் இருந்தன. ஒரே வீட்டில், ஒரே விளக்குக்கு முன்னால், நாங்கள் வேறு வேறு பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.