அமெரிக்காவில் யாரையும் லாட்ஜில் வைப்பதில்லை

சின்னமனூர் சாலையில் இரண்டாவது மைல் தாண்டியபோது வெயில் தலைக்கு நேராக வந்துவிட்டது. தோளில் பை. அதற்குள் இரண்டு கைலி, இரண்டு சட்டை, ஒரு போர்வை. சட்டைப் பையில் செல்போன். நான் வேலையை விட்டு நடந்த இடங்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. செங்கல் சூளை, ஏலத் தோட்டம், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை என்று போகும். எங்கும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

காலையில் திராட்சைத் தோட்டக்காரர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வரி. "எந்திரிச்சுப் போயிரு. என் கண்ணு முன்னால நிக்காத." அவர் சத்தம் போட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

அவருடைய ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் லாரி ஓட்டினான். அமெரிக்க ராணுவ முகாமுக்குள் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகும் லாரி. கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நாட்டோடு அமெரிக்கா போருக்குப் போகுமா என்ற பேச்சு அப்போது உலகம் முழுக்க இருந்தது. போனால் எதிர்க்கரைக்காரனின் ஏவுகணை முதலில் விழப்போவது அந்த முகாமில்தான். அது தோட்டக்காரருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். பந்தலுக்குக் கீழே கவாத்து வெட்டிக்கொண்டிருந்த எனக்கு மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதே பாலைவனத்தில் அப்படியொரு முகாமின் சமையல் கூடத்தில் நான் நான்கு வருடம் பாத்திரம் கழுவியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி அணைந்ததே இல்லை. நாள் முழுக்க அமெரிக்கர்கள் அதில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதப் படிக்க வராவிட்டாலும் அவர்கள் பேசுவது காதில் ஏறிவிட்டது. இதைத் தோட்டக்காரரிடம் ஒரு நாள் சொல்லப் போக, அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. விடிந்ததும் மோட்டார் ஓடும்போது தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, முந்தைய நாள் அமெரிக்க சபையில் நடந்த விவாதத்தைப் போனில் கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு பந்தலுக்குள் போக வேண்டும்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். மகன் இணையம் வழியாகப் பேசுவதெல்லாம் என் போனில்தான்.

"என்னப்பா சொல்றாக?" என்பார், பல்லில் வேப்பங்குச்சியோடு.

"ஜனாதிபதி ஆளுக, எதிர்க்கரை நாட்டுல பயங்கரவாதிக ஒளிஞ்சிருக்காக, இப்பவே அடிக்கணும்கிறாக. எதிர்க்கட்சித் தலைவரு, இந்தச் சொல்ல வச்சு எத்தன சண்டைக்குக் கையெழுத்து வாங்குனீக, எத்தன புள்ளைகளப் பெட்டியில கொண்டுவந்தீகன்னு கேக்குறாரு. எங்க அனுமதி இல்லாம சண்டை கூடாதுன்னு தீர்மானம் கொண்டாந்திருக்காரு."

"ஓட்டு எப்ப?"

"இந்த வாரம்."

அவர் மனைவி பால் சொம்போடு வந்து நிற்பார். "ஆத்தாடி, நம்ம பஞ்சாயத்துல தெருக் குழாய்க்கு அடிச்சுக்கிறது கணக்காவுல்ல இருக்கு."

"நீ சும்மா இரு. அங்கன நம்ம பய உசுரு ஊசலாடுது."

"அதத்தான் நானும் சொல்றேன். குழாய்க்கே மண்டைய ஒடச்சவுக நீங்க. உசுருக்கு அவுக என்னத்த ஒடைப்பாகளோ."

அந்த மண்டை உடைந்த கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். தோட்டக்காரர் ஒரு காலத்தில் கவுன்சிலராக இருந்தவர். துணைத் தலைவர் தேர்தலுக்கு முன்பு கட்சி எல்லாக் கவுன்சிலர்களையும் வேனில் ஏற்றி, கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் வைத்திருந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படி வைத்தும் இவர் ஓட்டை மாற்றிக் குத்தினார். தன் தெருவுக்குக் குழாய் தருவதாக எதிராளி சொன்னதுதான் காரணம். மறுநாளே கட்சியை விட்டு நீக்கினார்கள். வீட்டு முன்னால் இருந்த கொடிக்கம்பத்தைப் பிடுங்கிப் போனார்கள், அந்தக் கைகலப்பில்தான் மண்டை உடைந்தது. சொந்தத் தம்பி இரண்டு வருடம் பேசவில்லை.

அதனால் அவருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. தலைவர் சொன்ன பிறகு மாறி ஓட்டுப் போடுகிறவன் அழிந்தான்.

"அந்தத் தலைவரு ஆளுக எல்லாம் ஒண்ணா நிப்பாகளா?" என்று கேட்டார். ஓட்டுக்கு இரண்டு நாள் இருந்தது.

"கட்சிக்குள்ள கொஞ்சம் கசகசப்பு இருக்குண்ணே. தலைவரு பலவீனமானவரு, ஆள மாத்தணும்னு நாலு பேரு பேசுறாக. இதுக்கு ஓட்டுப் போட்டா, அடுத்த எலெக்சன்ல நம்மளப் பயங்கரவாதிக்குப் பயந்தவன்னு நோட்டீசு அடிச்சிருவான்னும் சொல்றாக."

"அது கோஷ்டிப் பூசல். ஓட்டுன்னு வந்தா அடங்கிரும். ஆளுகள எங்கன தங்க வச்சிருக்காக?"

"எங்கனயும் வைக்கலண்ணே. சாயங்காலம் அவுக அவுக வீட்டுக்குப் போறாக."

தோட்டக்காரர் குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "லாட்ஜுல வைக்கலையா? அப்ப அம்புட்டு உறுதியா இருக்காருன்னு அர்த்தம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. தலைவரின் கட்சி ஆட்களையும், ஜனாதிபதி கட்சியிலேயே போர் வேண்டாம் என்று பேசிய சிலரையும் கூட்டிப் பார்த்தேன். என் கணக்குப்படி தீர்மானம் தேறியது. நான்கு வருடம் அவர்கள் பேசுவதைக் கேட்டவன் நான். ஆனால் அவர்கள் ஓட்டுப் போடுவதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. பாத்திரம் கழுவுகிறவனுக்கு முடிவு எதற்கு?

அன்று மாலை மகன் கூப்பிட்டான். கம்பெனியில், ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை விமானத்தில் போகலாம், போனால் திரும்ப வேலை கிடையாது, அன்று ராத்திரிக்குள் பெயர் கொடுத்தால்தான் இடம் என்று சொல்லியிருந்தார்கள். "வரவாப்பா, இருக்கவா?"

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"இருப்பா. தடுத்துருவாக," என்றார்.

ஓட்டெடுப்பு நடந்தபோது எங்களுக்கு விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து சொன்னார்கள். தலைவரின் ஆட்களிலேயே சிலர் நிதானமாக எதிராகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. ஓட்டு முடிந்ததும் தலைவர் அவர்களில் ஒருவரோடு கைகுலுக்கியதைப் பார்த்தேன். தீர்மானம் தோற்றது.

"நீக்கிட்டாகளா அவுகள?" என்று கேட்டார் தோட்டக்காரர்.

"இல்லண்ணே. அங்கன அப்படி நீக்குறதில்ல போல."

"அத ஏண்டா மொதல்ல சொல்லல?"

எனக்கே அப்போதுதான் தெரியும் என்று சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விமானம் போனது. சனிக்கிழமை எதிர்க்கரையில் அமெரிக்காவின் குண்டு விழுந்தது. எதிர்க்கரைக்காரன் பதிலுக்கு அடித்தான். விமான நிலையத்தை மூடினார்கள். மகனின் எண்ணுக்கு இரண்டு நாள் விடாமல் அடித்தோம், மணியே போகவில்லை. திங்கள் காலையில்தான் அவர் அந்த ஒரு வரியைச் சொன்னார். நானும் பையை எடுத்தேன்.

இரண்டாவது மைலுக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு. அதன் நிழலுக்குள் போகும்போது சட்டைப் பையில் போன் அடித்தது.

அந்த நாட்டு எண். ஆனால் மகனுடைய எண் இல்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முகாமில் இருந்த காலத்தில் ஒரு மலையாளி இறந்துபோனான், அடுப்பு வெடித்து. அவன் வீட்டுக்குச் சொன்னது மேஸ்திரிதான், தன்னுடைய போனிலிருந்து. மகனுடைய எண் இல்லாமல் வேறு எண்ணிலிருந்து யாராவது கூப்பிட்டால் அது என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் நான்தான் திரும்பிப் போய் அந்த இருவரிடம் சொல்ல வேண்டும். அது முழுவதும் அடித்து ஓயும்வரை நான் எடுக்கவில்லை.

ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டுக்கும் அந்த நாட்டுக்கும் நடுவே இருப்பது இந்தப் போன் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டுதான் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

திருப்பி அடித்தேன். போகவில்லை. மறுபடியும் அடித்தேன். பிறகு வந்த வழியே ஓடினேன். பை இடுப்பில் மோதியது. ஒரு டிராக்டர்க்காரர் பாதித் தூரம் ஏற்றிக்கொண்டார். என்ன அவசரம் என்று கேட்டார்.

தோட்டக்காரர் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவிதான் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, போன் வந்துச்சு. அந்த ஊரு நம்பரு. நான் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"பயம்."

அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "உக்காரு," என்றார். பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் போனை வைக்கச் சொன்னார். தோட்டக்காரர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தடவை அடித்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரம். அக்கா அந்தப் பெண் குரலை, நான் இதுவரை கேட்டிராத வார்த்தைகளில் வைதார்.

நாலு மணி சுமாருக்குத் திரும்ப அந்த எண். இந்தத் தடவை அக்காதான் பச்சையைத் தொட்டார்.

"யம்மா."

அவன்தான். லாரி எரிந்துவிட்டது. அவன் அப்போது அதில் இல்லை. போனும் லாரியோடு போய்விட்டது, இது ஒரு நேபாளியின் போன். நிலத்துக்கடியில் ஒரு அறையில் நாற்பது பேராக இருக்கிறார்கள். எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாது. "காலையில அடிச்சேன். யாரும் எடுக்கல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துட்டேன்," என்றான்.

தோட்டக்காரர் போனை வாங்கினார். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "நான்தாம்பா இருக்கச் சொன்னேன்," என்றார் கடைசியில். அதற்குள் தொடர்பு போய்விட்டது. அவன் அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ராத்திரி மோட்டார் அறையில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் போய் நின்றேன். அங்கே பூச்சிமருந்து அடிக்க ஆள் இல்லை. கவாத்து வேலையைவிடக் கூலி குறைவு. கை அரிக்கும். அந்தத் தோட்டத்து முதலாளியிடம் இரண்டு சத்தியம் வாங்கினேன். வேலை நேரத்திலும் போன் என் சட்டைப் பையில் இருக்கும். அடித்தால் மருந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டு வேலியைத் தாண்டித் தோட்டக்காரர் வீட்டுக்கு ஓடுவேன். அவர் இரண்டுக்கும் சரி என்றார்.

"எத்தன நாளு இருப்ப? நீ நிக்காத ஆளுன்னு சொல்றாக."

"அங்கன ஏர்போர்ட்டு தொறந்து அந்தப் பய வர்ற வரைக்கும்," என்றேன்.

அவர் டேங்கைத் தூக்கி என் முதுகில் ஏற்றினார். வேலியோரத்து வரிசையிலிருந்து ஆரம்பித்தேன்.