சக்கரத்தோடு போன பிளாஸ்திரி

காவி பூசிய சிமெண்டுத் தரையில் நான்கு பிளாஸ்திரித் துண்டுகள். காயத்துக்கு ஒட்டுகிற அதே வெள்ளைப் பிளாஸ்திரிதான். ஒரு தொட்டிலின் நான்கு கால்களுக்கும் அடையாளம் வைத்தது போலப் பிரசவ அறையின் சன்னலோரத்தில் சிஸ்டர் அவற்றை ஒட்டி வைத்திருந்தார். நடுவில் ஒன்றும் இருக்காது. யாராவது அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டால், "அது ஆள் இருக்கிற இடம், எடுங்க" என்று அதட்டுவார். போன மாதம் அந்த அறைக்குப் போனேன். தரைக்குப் புது டைல்ஸ் பதித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பிளாஸ்திரி ஒட்டியிருந்த சுவடே இல்லை.

சிஸ்டர் என்று நான் சொல்வது, மலை ஊர்கள் சில சேர்ந்த குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் பதினோரு வருடம் செவிலியராக இருந்தவரை. தர்மபுரிப் பக்கத்துக்காரர். நிலையம் எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன். சொன்னால் இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்களின் தலைதான் உருளும்; உருள வேண்டிய தலைகள் பத்திரமாக இருக்கும். நான் அப்போது செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி, மலையில் நான்கு நிலையங்களுக்குக் கணினிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை. படம் எடுப்பது, அதைக் கணினியில் ஏற்றுவது, 'முடிந்தது' என்ற கட்டத்தில் டிக் அடிப்பது.

புதிய ஆட்சி வந்த புதிது. அந்த ஆட்சியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மலையில் பிறக்கிற குழந்தை குளிரில் சாகக்கூடாது, நிலையத்துக்கு ஒரு வார்மர் கொடுங்கள் என்று வந்ததுமே உத்தரவு போட்டார்கள். நல்ல உத்தரவு. வார்மர் என்பது சக்கரம் வைத்த சின்னத் தொட்டில். மேலே சூடு தரும் கம்பி இருக்கும். குறைமாதக் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும். நான்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மலையேறி வந்தது ஒன்று. மீதி மூன்றும் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பிரசவம் அதிகம் நடக்கிற இடம் என்பதால் வந்ததைச் சிஸ்டரிடம் இறக்கினோம். அவர் அதைத் துடைத்த துடைப்பையும், அந்த வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளிடம், "மிஷின் வந்துருச்சு, இனிமே பயந்துக்கிட்டு முன்கூட்டியே கீழ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்" என்று சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் அறிக்கை போக வேண்டும். எங்கள் வேலையை மேற்பார்வையிட்ட அலுவலர் என்னைக் கூப்பிட்டார். "மூணு வரலைன்னு எழுதினா நம்ம பேர்தான் கெடும். எப்படியும் வரப்போறதுதானே? நாலு எடத்துலயும் வச்சுப் படம் எடுத்துருப்பா" என்றார். முதல் படத்தைச் சிஸ்டரின் பிரசவ அறையில் எடுத்தேன். பிறகு வார்மரை ஜீப்பில் ஏற்ற வந்தபோது சிஸ்டர் என்னை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தை ஒட்டியும் ஒரு பிளாஸ்திரித் துண்டை வெட்டி ஒட்டினார். "எங்க இருந்து எடுத்தீங்களோ அங்கயே கொண்டு வந்து வைக்கணும், தம்பி." தள்ளிய வேகத்தில் ஒரு சக்கரம் தன் துண்டின் மேல் ஏறிப் போனது. ஜீப் போன பிறகு சிஸ்டர் பார்த்தபோது தரையில் மூன்றுதான் இருந்தனவாம். புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார். மற்ற மூன்று ஊர்களிலும் சுவர் மாற்றி, கோணம் மாற்றிப் படம் எடுத்தேன். ஒரு இடத்தில் பின்னால் காலண்டர்கூட மாட்டினேன். என் புத்தி அந்த லட்சணத்தில் வேலை செய்தது.

அதன் பலனைக் கேளுங்கள். நான்கு படங்களையும் பார்த்த மேலிடம், நான்கும் வந்துவிட்டன என்று கோப்பை மூடிவிட்டது. வந்துகொண்டிருந்த மூன்றும் வரவே இல்லை. கொடுக்க நினைத்தவர்களின் கையை நாங்களே தட்டிவிட்டோம். அதன் பிறகு எந்த நிலையத்துக்கு ஆய்வு என்றாலும் வார்மர் முந்தின நாளே அங்கே போயாக வேண்டும். கோயில் சாமிகூட வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர்வலம் போகிறது. எங்கள் வார்மர் வாரம் தவறாமல் போனது. சன்னலோரத்தில் நான்கு துண்டுகள் மட்டும் காத்துக் கிடந்தன.

மார்கழியில் ஒரு காலை. திருப்புலி நாட்டுப் பக்கத்து நிலையத்துக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று நான் வார்மரோடு அங்கே இருந்தேன். ஒன்பது மணிக்குச் சிஸ்டர் போனில் கூப்பிட்டார். எட்டாம் மாதத்திலேயே ஒருத்திக்குப் பிறந்துவிட்டது. "பிள்ளை சில்லுன்னு கிடக்கு தம்பி. ஆம்புலன்ஸ் கீழ இருந்து ஏறி வரணும். மிஷினை எடுத்துக்கிட்டு உடனே வா." அலுவலரிடம் சொன்னேன். "குழு பாத்துட்டுப் போயிரட்டும், ஒரு மணி நேரந்தானே" என்றார். ஜீப் வாசலில் நின்றது. டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, நான் கிளம்பவில்லை. குழு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தது. மின்சாரமே கொடுக்காத வார்மரைக் காட்டி, "நல்லா வேலை செய்யுதா?" என்று ஒருவர் கேட்டார். "செய்யுதுங்க சார்" என்றேன்.

தன் நிலையத்தில் நடந்ததைப் பின்னால் சிஸ்டர் சொன்னார். குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துப் போர்த்தியிருக்கிறார். தாய்க்கே உடம்பு உதறத் தொடங்கியதும் வாங்கித் தன் மார்பில் வைத்துச் சேலையால் சுற்றிக்கொண்டிருக்கிறார். மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற அந்தக் குழந்தையின் அப்பா, தரையிலிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாராம்: "ஏனுங்க சிஸ்டர், மிஷின் வந்திருச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? அத நம்பித்தானுங்க கீழ போவாம ஊட்டுலயே இருந்தோம்." ஆம்புலன்ஸ் வந்தபோது பதினொன்றரை. அடிவாரம் வருவதற்குள், கொண்டை ஊசி வளைவுகளிலேயே, சிஸ்டரின் மார்பில் இருந்தபடியே குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது. பெண் குழந்தை.

பத்து நாளில் சிஸ்டருக்குக் குறிப்பாணை வந்தது. 'வார்மர் இருந்தும் பயன்படுத்தாத அலட்சியம்.' ஆதாரமாக அந்த அறையில் நான் எடுத்த முதல் படத்தை இணைத்திருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியைச் சிஸ்டர் சன்னலோரம் அழைத்துப் போய்த் தரையைக் காட்டினார். "பிளாஸ்திரி எல்லாம் ஆதாரமாகாதும்மா" என்றார் அவர். குழந்தையின் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. மூன்று மைல் நடந்து அவராகவே வந்து வாசலில் நின்றார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அன்னிக்கு அது இங்க இல்லீங்க. நான் என்ற கண்ணால பாத்தனுங்க" என்றார். "உனக்கு மிஷின் எது, கட்டில் எதுன்னு தெரியுமாய்யா?" என்று கேட்டார் அதிகாரி. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அன்று என் கை அதிகாரியின் கோப்புக்கட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. படம் எடுத்தவன் அதிகாரிக்குப் பின்னால் இரண்டடியில் நின்றான், வாய் திறக்கவில்லை.

சிஸ்டர் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "மிஷின் இருந்திருந்தா அந்தப் பிள்ளை பிழைச்சிருக்கும்னு நான் சொல்லமாட்டேன் சார். அது கர்த்தருக்குத்தான் தெரியும். இங்க இருந்துச்சுன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க." அதை அதிகாரி குறித்துக்கொள்ளக்கூட இல்லை. தண்டனையோடு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் போட்டார்கள்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், ஏதோ நினைப்பில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிஸ்டரின் அறையில் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. மற்ற மூன்றிலும் வலதுபக்க முன்சக்கரத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று ஊர், மூன்று சுவர், ஒரே சக்கரம். சாமான் கட்டிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "எங்கிட்ட எதுக்குக் காட்டுற தம்பி? எனக்குத் தெரியாததா? அங்க போய்க் காட்டு" என்றார். நான் காட்டவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

இப்போது படத்தோடு இடமும் நேரமும் தானே பதிவாகிற செயலி வந்திருக்கிறது, இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்று அது சரியாகத்தான் சொல்லும். மறுநாள் மிஷின் அங்கே இருந்ததா என்று சொல்லாது. போன மாதம் அந்தச் செயலியில் படம் ஏற்றத்தான் அங்கே போனேன். டைல்ஸ் தரையைப் பார்த்துவிட்டுப் படம் எடுக்காமலே திரும்பினேன். வேலையையும் விட்டுவிட்டேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தைரியம் என்றால் அன்று ஜீப்பைக் கிளப்பியிருப்பேன்.

சிஸ்டர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்தத் தண்டனை இன்னும் அவர் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. நேற்று நான்கு படங்களையும், கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றையும் அந்தத் தண்டனை போட்ட அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். வலதுபக்க முன்சக்கரத்தைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். படம் எடுத்தவன் நான் என்று எழுதியிருக்கிறேன். மற்றபடி, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அந்த மனிதர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. அன்று அது அங்கே இல்லை.