அம்மிணி சொல்லாமல் விட்ட வேலை

திருவேங்கடத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லையே.

அவனும் நானும் அம்மிணியும் மாட்டுங்காவில் ஒரே கட்டடம், கோட்டைப் பக்கம் ஒரே கப்பல் கம்பெனி. 1967இல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு எழுந்ததும், அவன் மாலை வகுப்பில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் படிக்கச் சேர்ந்தான். ஒரு காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். வேண்டாத கட்டத்தை எடுத்துவிட வேண்டும். இதற்கு ஆறு மாதப் படிப்பு.

பரீட்சைக்கு எங்கள் செக்‌ஷனையே வரைந்தான். சரக்குச் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு வரும் மனுக்கள் முதலில் அம்மிணியிடம்தான் வரும். பாலக்காட்டுக்காரி, கல்யாணம் ஆகாதவள். படுத்த படுக்கையான அப்பாவுக்கும் அவள் சம்பளம்தான். உன் வேலை என்ன என்று நோட்டும் பென்சிலுமாகப் போய்க் கேட்டான். தினம் பார்க்கிற மனுஷனிடம் எப்படிப் பெருமை பேசுவது?

"நம்பர் போட்டு உள்ளே அனுப்பறேன். வேறென்ன?"

மடையன், அதை அப்படியே எழுதிக்கொண்டான். நம்பரை இனி மெஷினே போடும். வரைந்ததை மேனேஜரிடமும் காட்டினான்; அவருக்கு அது பிடித்துப்போனது. ஒரு மாத நோட்டீஸில் அம்மிணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் வண்டவாளம் வெளிவந்தது. முத்திரை இல்லாத மனு, கையெழுத்து மாறிய மனு, எல்லாம் மேலே போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தன. இத்தனை வருஷமும் அவள் ஒவ்வொன்றையும் படித்து, துறைமுகத்துக்குப் போன் போட்டுச் சரிசெய்த பிறகே நம்பர் போட்டிருக்கிறாள்.

திருவேங்கடம் பதறிப்போய் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருந்த அம்மிணி வீட்டுக்கு ஓடினான். அவளை எப்படியாவது திரும்ப உட்காரவைத்துவிடலாம் என்று நம்பினான், பாவி. இந்தத் தடவை அவள் வெட்கப்படாமல் சொன்னாள். எந்தத் தாளில் எதைப் பார்ப்பது, யாருக்குப் போன் செய்வது, யார் கையெழுத்து செல்லாது, ஒன்றுவிடாமல். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினான்.

"இது போறுமா அண்ணா? என்னைத் திரும்ப எடுத்துப்பாளா?" என்று கேட்டாளாம்.

மேனேஜர் பதினோரு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம். இனி இதை வைத்து யார் வேண்டுமானாலும் அந்த வேலையைச் செய்யலாம். அந்தம்மா எதற்கு?"

அன்று மாலை ரயிலில் ஒன்றாகத்தான் திரும்பினோம். கட்டட வாசலுக்கு வந்ததும், அம்மிணியிடம் நீயே சொல்லிவிடேன் என்று என்னிடம் கெஞ்சினான். கேட்டு எழுதிக்கொள்ளத் தெரிந்தவனுக்குச் சொல்லவும் தெரியும், ஏறிப் போ என்றேன். மேலே அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.